பரணில் கிடக்கும் இழைப்புளி

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கும் பாறசாலையிலும் தங்கிவிட்ட நம்மவர் சிலரின் பரண்களில் பாட்டனாரின் இழைப்புளி துருவேறிக் கிடக்கிறது. அண்டை வீட்டார் சிந்தேர் என்பதும் இதுவே. பழைய இரும்பு விலைக்கு அதனைக் கொடுத்துவிடாதிருக்க வேண்டுகிறோம்.

ஆப்பைத் தளர்த்தி அலகைக் கழற்றி, கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவிடுக. புளியின் அமிலம் துருவைக் கரைக்கும். காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, சலவைச் சோடா நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுக. மரக்கட்டையை நனைக்கலாகாது.

அவசரக்காரர் அலகைச் சாணை இயந்திரத்தில் கொடுத்துவிடுகின்றனர். விளிம்பு நீலம் பாரித்தால் வெப்பம் ஏறக்குறைய 300 பாகை செல்சியசைத் தொட்டதென்று பொருள். எஃகின் பதம் போயிற்று. அப்பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினாலன்றிக் கூர் நில்லாது. தீட்டுக்கல்லில் நீர் தெளித்து, பொறுமையாகக் கையாலேயே தீட்டுக.