கடை ஓர் ஊரில், குடித்தனம் ஓர் ஊரிலா?



பள்ளிப் பரீட்சைகள் முடிந்து சித்திரை பிறந்தால் நம் கடைவீதிகளில் ஒரு பேச்சு ஆரம்பமாகிவிடும். "அண்ணாச்சி, பிள்ளைகள் படிப்புக்காகத் தேனியில் வீடு பார்க்கிறேன். பழனிசெட்டிபட்டி தேவலையா, அன்னஞ்சிப் பக்கம் தேவலையா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்தில் சரக்கு எடுக்க வந்திருப்பவர், "தேனி எதற்கு, மதுரைக்கே போய்விடுங்கள்" என்று யோசனை சொல்வார். கம்பத்தில் பருப்பு, மளிகை மொத்த வியாபாரம் செய்கிற எனக்கு நாற்பது வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கின் எல்லா ஊர்க் கடைகளோடும் வரவு செலவு உண்டு. வீடு மாறியவர்களையும் பார்க்கிறேன், மாறாதவர்களையும் பார்க்கிறேன். வீட்டுத் தரகர் போடும் கணக்கு வேறு, வியாபாரி போட வேண்டிய கணக்கு வேறு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ரோட்டை எடுத்துக்கொள்வோம். கம்பத்திலிருந்து தேனி 40 கிலோமீட்டர். கடை கம்பத்திலும் வீடு தேனியிலும் இருந்தால் போக வர 80. மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 45 கொடுக்கும், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மாதம் நாலாயிரத்து அறுநூறு ரூபாய் வந்துவிடும். காசாவது போகட்டும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்து ராத்திரி ஒன்பதரைக்குக் கல்லா எண்ணுகிறவர், இருட்டில் 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அவர்கள் படிப்புக்காகத்தானே இந்த ஏற்பாடு? விடிகாலையில் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் பறக்கும் ஜீப்புகளை நாம் அறிவோம். கார்த்திகை பிறந்தால் தை வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். கூட்டம் மிகும்போது போகிற வண்டிகளைக் கம்பம் மெட்டு வழியாகவும் திரும்புகிறவற்றைக் குமுளி வழியாகவும் போலீசார் திருப்பிவிடுவார்கள். புறவழிச்சாலைகள் வந்ததில் ஊருக்குள் நெரிசல் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் தூரம் குறையவில்லையே.

தேனி 1996 இல் தனி மாவட்டமாகி, கலெக்டர் அலுவலகம் வந்தபிறகு அந்த ஊரின் போக்கே மாறிவிட்டது. உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், ஆஸ்பத்திரிகள் வந்தன, டியூஷன் சென்டர்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் பின்னால் வாடகையும் ஏறியது. ஆனால் மதுரை ரோடு, கம்பம் ரோடு, பெரியகுளம் ரோடு மூன்றும் இன்னமும் நேரு சிலையில்தான் வந்து முட்டிக்கொள்கின்றன. பள்ளி வேன்கள் போகிற நேரத்தில் அந்த இடத்தைக் கடந்து பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தேனியிலேயே கடை வைத்திருப்பவர் வீடு பார்த்தால், கடைக்கும் பள்ளிக்கும் நடுவில் நேரு சிலை வராதபடி பார்க்கட்டும். கம்பம் ரோட்டுக் கடைக்காரருக்கு முல்லையாற்றுப் பாலம் தாண்டிப் பழனிசெட்டிபட்டி. பெரியகுளம் ரோட்டுக்காரருக்கு அல்லிநகரம், அன்னஞ்சி. அரண்மனைப்புதூர்ப் பக்கமும் பார்க்கலாம், கோடையில் குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரித்துக்கொண்டு. யாரும் நினைக்காத ஊர் பெரியகுளம். விக்டோரியா நினைவு மேல்நிலைப்பள்ளி, 1971 இல் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, தோட்டக்கலைக் கல்லூரி எல்லாம் அங்கே இருக்கின்றன. தேனியின் பரபரப்பு மட்டும் இல்லை.

இனி வீட்டுச் செலவு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒத்திக்கு வீடு பிடிப்பது வழக்கம். "பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை" என்று தரகர் சொன்னவுடன் நாமும் மகிழ்ந்துபோகிறோம். மாதச் சம்பளக்காரருக்கு அது சரி. வியாபாரிக்கு? ஆறு லட்சம் ரூபாய் ஒத்தி என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போட்டாலே மாதம் ஆறாயிரம். அதே வீடு ஏழாயிரம் வாடகைக்குக் கிடைக்குமானால், ஒத்தியில் நமக்கு மிச்சம் ஆயிரம்தான். அந்த ஆறு லட்சம் கையில் இருந்தால், புதுத் துவரை வருகிற காலத்தில் மில்லில் ரொக்கம் கொடுத்து விலை பேசலாம். வருஷத்தில் எத்தனை தடவை புரளும் பணம் அது! அதைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டுச் சுவரில் பூசிவிட்டு, சரக்குக்குக் கந்து வட்டி வாங்கி ஓடுகிற கடைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். பாக்கி கேட்கப் போகிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

போகட்டும், ஒத்திதான் என்று முடிவு செய்தால் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி பதிவாக வேண்டும் என்பதே சட்டம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் வைத்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டை நாளை பாங்கில் அடமானம் வைத்தாலும், விற்றாலும், நாம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மனை வாங்கிக் கட்டுகிறவர்கள் பத்திரச் செலவை மறந்துவிடுகிறார்கள். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய் என்று 2023 ஏப்ரலில் ஆனது. பத்து லட்சம் மனைக்குத் தொண்ணூறாயிரம். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வீட்டம்மா பெயரில் வாங்குவது நல்லதுதானே! அங்கீகாரம் இல்லாத மனையைத் தொடவே வேண்டாம். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை. 1895 இல் பெரியாறு அணை வந்ததனால் நமக்குக் கிடைத்த பாக்கியம் அது. அந்த நெல்லும் அறுவடைக் கூலியும்தான் நம் கடைகளில் வியாபாரமாகிறது. வயலில் கல் ஊன்றி மனை விற்பதில் நாமே முன்நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கு வருவோம். ஒன்றை மறந்துவிடுகிறோம். இந்த மாவட்டத்துக் கல்விச்சாலைகளில் பலவற்றைத் தந்தவர்கள் வியாபாரிகளும் தோட்டக்காரர்களும்தான். போடியில் ஏல விவசாயிகள் சங்கம் தன் பெயரிலேயே கல்லூரி வைத்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 இல் வந்தது. தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை, நாடார் சரஸ்வதி பெயரில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்துகிறது. பிள்ளைகள் தம் ஊரிலேயே படிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் பள்ளியை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாமோ குடும்பத்தைப் பள்ளிக்குப் பின்னால் கொண்டுபோகிறோம்.

இதில் ஒரு லாப நஷ்டக் கணக்கும் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஆறாம் வகுப்பில் வெளியூர் தனியார் பள்ளிக்கு மாற்றும்போது இந்தப் பாத்தியதையும் போய்விடுகிறது. எத்தனை பெற்றோர் இதை யோசித்தார்கள்?

மதுரைக்குப் போவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். அகல ரயில் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும் திரும்பி வந்தது. மகிழ்ச்சி. ஆனால் அப்போது அமைத்த நேரம், காலையில் மதுரையில் புறப்பட்டு மாலையில் போடியிலிருந்து திரும்புகிறது. மதுரைக்காரர் இங்கு வந்து போகலாம், நம் பிள்ளைகள் அங்கு போய்ப் படித்துத் திரும்ப முடியாது. குடும்பத்தை மதுரையில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தகப்பனாராக இருப்பவர்களைப் பார்க்கிறேன். பையன் கடையில் உட்கார்ந்ததில்லை. எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. அவன் டாக்டராகட்டும், இன்ஜினீயராகட்டும், எனக்குச் சந்தோஷமே. ஆகாமல் திரும்பி வந்தால், அந்தக் கல்லாவில் அவன் அந்நியன்.

என் யோசனை இதுதான். போடிக்காரருக்குத் தேனி 15 கிலோமீட்டர்தான். பிள்ளையை அனுப்புங்கள், வீட்டை மாற்றாதீர்கள். கம்பம், கூடலூர்க்காரர்கள் உத்தமபாளையத்தைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷத்துக்குத் தேனி அவசியம்தான் என்றால், வாடகைக்கு இருந்துவிட்டுத் திரும்புங்கள்.

சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஊர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. பிள்ளைகளை உள்ளூரில் சேர்த்திருக்கும் நம் உறுப்பினர்கள் அதில் இடம்பெற்று, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்த வகுப்புக்குக் கூரை ஒழுகுகிறது என்று பொதுக்குழுவில் வந்து சொல்லட்டும். காலையில் போடியிலிருந்து மதுரைக்கும், மாலையில் மதுரையிலிருந்து போடிக்கும் ஒரு பாசஞ்சர் ரயில் கேட்டுத் தீர்மானம் போட்டு, மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்குப் போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வணிகர் சங்கங்கள் நான்கும் சேர்ந்து அனுப்பலாம். கையெழுத்து வாங்குகிற பொறுப்பைக் கம்பம் உறுப்பினர்கள் சார்பில் நானே எடுத்துக்கொள்கிறேன்.