பழைய சுழற்சியே எங்கள் கட்சி

ஜாவா மொழியில் ‘இன்ட்’ எண்களின் அணியைப் பட்டியலாக்க ஒரே வரி போதும் என்று மனப்பாடம் செய்த மாணவியருள் நாங்களும் அடங்குவோம். நாற்பது தோழியரின் மதிப்பெண்களை ‘அரேஸ் டாட் ஆஸ்லிஸ்ட்’ கட்டளையிடம் ஒப்படைத்தோம். பட்டியலில் எத்தனை உள்ளன என்றால், ஒன்று என்றது கணினி! 2004இல் ஜாவா 5உடன் வந்த பொதுவகைப் பட்டியல் பொருள்களையே ஏற்கும். ‘இன்ட்’ வெறும் எண். ஆகவே மூட்டையை அவிழ்க்காமல் அணி முழுவதையும் ஒரே பொருளாக உள்ளே வைத்துவிட்டது.

2014இல் வந்த ஜாவா 8இல் ‘ஸ்ட்ரீம்’, ‘பாக்ஸ்டு’ என்று அழகாக எழுதலாம், மறுக்கவில்லை. ஆயினும் நாங்கள் ‘ஃபார்’ சுழற்சியின் பக்கமே. அணியின் நீளத்தை முன்னரே சொல்லி ‘அரேலிஸ்ட்’ அமைத்து, ஒவ்வோர் எண்ணாக இட்டால், இடம் போதாமல் நடுவில் நகலெடுக்கும் வீண்வேலை இல்லை. எண் பொருளாக மாறுவதும் அங்கேதான் நம் கண்ணில் படுகிறது.

அதைக் காணாதவர் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுவர். -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா ஒரே பொருளைத் திரும்பத் தரும். ஆதலால் நூற்றுக்குட்பட்ட மதிப்பெண்களில் பிழை தெரியாது. மொத்தத்தில் இருவரும் 430 பெற்றபோது, சமமில்லை என்றது கணினி. ‘ஈக்வல்ஸ்’ என்று மாற்றிய பிறகே இருவருக்கும் முதலிடம் கிடைத்தது.