குப்பையைப் பிரிப்பது சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது: மலாயாப் பல்கலைக்கழகம் காட்டும் வழி

மேருவில் நம் வீட்டு வாசலில் லோரி ஏற்றிச் செல்லும் குப்பை வெகுதூரம் போவதில்லை. கிள்ளான் வட்டாரக் குப்பை பக்கத்திலுள்ள ஜெராமில்தான் புதைக்கப்படுகிறது. கோலாலம்பூரின் குப்பை தாமான் பெரிங்கினில் அமுக்கப்பட்டு, உலு சிலாங்கூரில் உள்ள புக்கிட் தாகாருக்குச் செல்கிறது. அங்கும் சுற்றிலும் செம்பனைதான். பட்டணத்தில் யார் வீசினாலும், அது வந்து சேரும் இடம் தோட்டப்புறத்துக்குப் பக்கமாகவே இருக்கிறது. நாற்றத்தை முதலில் சுவாசிப்பவர்களும் அங்கே குடியிருப்பவர்களே.

நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2020இல் 30.67 விழுக்காடாக இருந்தது. 2023இல் அது 35.38 விழுக்காடானது. 2025க்கான இலக்கு 40 விழுக்காடு. ஆண்டுக்கு ஆண்டு ஏறினாலும், மூன்றில் இரண்டு பங்குக் குப்பை இன்னும் மண்ணுக்குள்தான் போகிறது. நீலம், பழுப்பு, ஆரஞ்சு எனத் தொட்டிகளை வரிசையாக வைத்தும் ஏன் இந்த நிலை?

இதற்கான பதிலை லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் பார்க்கலாம். பேராசிரியர் சுமியானி யூசோப் முன்னின்று நடத்திய 'குப்பையில்லா வளாகம்' இயக்கம் அங்கு 10 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. பழைய துணி, பழுதான மின்சாதனம் ஆகியவற்றைத் தனியாகச் சேர்ப்பதும் அதன் வேலைதான். ஆனால், அதன் அடிப்படை வேலை உணவுக் கழிவை உரமாக்குவது.

அதற்குக் காரணம் உண்டு. 2012இல் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பின்படி, நாட்டின் வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு, பிளாஸ்டிக் 13.2 விழுக்காடு, காகிதம் 8.5 விழுக்காடு. மீந்த சோறும் குழம்பும் ஒரே பையில் விழுந்தால் காகிதம் ஊறிப்போகிறது, பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்கிறது. பழைய சாமான் வாங்குபவர்கூட அதைத் தொடமாட்டார். உணவைத் தனியாக எடுத்துவிட்டால், மற்றவை தாமாகவே சுத்தமாக இருக்கும்.

மண்ணுக்குள் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். அதே உணவைக் காய்ந்த இலையோடு கலந்து, அவ்வப்போது புரட்டிக் காற்றுப் பட வைத்தால் உரமாகிவிடும். மரங்கள் நிறைந்த வளாகத்தில் இலைக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டுக் கடைக் கழிவும் கூட்டிய இலையும் அங்கேயே சந்தித்துக்கொள்கின்றன.

ஆனால், வளாகத்தில் ஒரு சிக்கல் உண்டு. மூன்று, நான்கு ஆண்டில் ஒரு மாணவர் கூட்டம் படித்து முடித்துப் போகிறது. புதிய கூட்டம் வருகிறது. பழக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து சொல்லித் தர வேண்டும். மாணவர் கவனமாகப் பிரித்துப் போட்டதை மறுபடியும் ஒரே பையில் கொட்டிக் கட்டினாலும் உழைப்பு வீண்தான். எனவே தொட்டியை விட முக்கியம், அதற்குப் பிறகு குப்பை எங்கே போகிறது என்ற ஏற்பாடு.

சட்டம் மட்டும் போதுமா? வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கோலாலம்பூர், புத்ராஜெயாவுடன் ஆறு மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயமானது. 2016 ஜூன் முதல் அபராதமும் உண்டு. அதற்கு அடிப்படையான 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011இல் அமலுக்கு வந்தபோது சிலாங்கூர் அதில் இணையவில்லை. அதனால் பங்சாரில் இருப்பவருக்குச் சட்டக் கடமையாக வந்தது, மேருவில் இருப்பவருக்கு அவரவர் மனசாட்சியாக நின்றது. ஆயினும், 2017இல் பிளாஸ்டிக் பைக்கு 20 சென் கட்டணம் வந்தபோது, சந்தைக்குப் பை எடுத்துப் போக நாம் பழகிக்கொள்ளவில்லையா?

பிரிப்பது நமக்குப் புதிதும் அல்ல. தோட்டத்து லயங்களில் மாடு வளர்த்த காலத்தில் சோறு வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போயின. சாணி காய்கறித் தோட்டத்துக்கு உரமானது. தாமானுக்குக் குடிவந்தபோது மாட்டை விட்டுவந்தோம். அந்தப் பழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

இனி என்ன செய்யலாம்? கோயில் அன்னதானத்தில் வாழை இலையும் மீந்த சோறும் ஒரு தொட்டிக்கு, தண்ணீர்ப் போத்தல் இன்னொரு தொட்டிக்கு என்று ஆளை நிறுத்திச் சொன்னால், ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் கற்றுக்கொள்வார்கள். தமிழ்ப்பள்ளித் தோட்டத்தில் ஓர் உரக்குழி இருந்தால், சிற்றுண்டிச் சாலைக் கழிவு அங்கே போகும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் பெரிய செலவில்லை.

நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்று உழைக்கிறோம். அங்கே குப்பையைப் பிரிக்கக் கற்ற பிள்ளை, விடுமுறைக்கு வீடு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் போடும்படி நாம் வைத்திருக்கலாமா? அடுத்த முறை பிள்ளை வரும்போது சமையலறையில் இரண்டு வாளிகள் இருக்கட்டும். ஜெராமுக்குப் போகும் சுமை அங்கேயே குறையத் தொடங்கும்.