எந்திரமும் எண்ணெயும்

மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்து, இப்போது நரேலாவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் நமக்கு மடல் விடுத்திருக்கிறார். அதில் வினாக்கள் இரண்டு. சார்ஜாவில் மோட்டார்ப் பட்டறையொன்றில் பணிபுரியும் தம் தம்பியிடம் ‘ரோட்டரி’ எந்திரம் பூட்டிய மாஸ்தா கார் ஒன்று வந்திருக்கிறதாம். அதற்கு எவ்வகை எண்ணெய் ஊற்றுவது தக்கது என்பது தம்பியின் வினா. மற்றது தம்முடையது. “ஜங்க்புராவில் இருந்தவரை ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கொரு முறை ஆயில் மாற்றினேன், குறையின்றி ஓடியது. இங்கு வந்த ஆறே மாதத்தில் எந்திரம் இரைகிறது. அதே வண்டி, அதே ஆயில். காரணம் யாது?”

இரண்டும் வேறு வேறு வினாக்கள் போலத் தோன்றும். ஆயினும் விடை ஒரே வேரிலிருந்து கிளைப்பதே. அதனை இத்திங்கள் ஆராய்வோம்.

எண்ணெய்க்கு வேலை பல. உராயும் இரும்புக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய படலமாய் நின்று தேய்வைத் தடுப்பது ஒன்று. வெப்பத்தை வாங்கிச் செல்வது மற்றொன்று. அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வது பிறிதொன்று. எந்திரத்தின் அமைப்பு மாறினால் இவ்வேலைகளின் அளவும் மாறும். எனவே, “நல்ல ஆயில் எது?” என்று வினவுவதினும், “இந்த எந்திரம் எண்ணெயிடம் என்ன வேலை வாங்குகிறது?” என்று வினவுவதே அறிவுடைமை.

ரோட்டரி எந்திரத்தை வகுத்தவர் ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கல். மாஸ்தா நிறுவனம் 1967-இல் ‘காஸ்மோ’ காரில் அதனைப் பூட்டி விற்றது. 1991-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவ்வகை எந்திரம் கொண்ட காரே வென்றது. அதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. முக்கோண வடிவான சுழலி ஒன்று கூட்டினுள் சுழல்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய அடைப்புத் தகடுகள் கூட்டின் சுவரை ஓயாமல் உரசிச் செல்கின்றன. அவை காயாதிருக்க, சிறு பம்பு ஒன்று எண்ணெயைத் துளித்துளியாக எரியறைக்குள்ளேயே செலுத்துகிறது. அவ்வெண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஆகவே இவ்வெந்திரம் எண்ணெயை உண்பது பழுதன்று. அதன் இயல்பே அதுதான்.

இதிலிருந்து தம்பிக்கு மூன்று செய்திகள். முதலாவது, எரிந்தால் சாம்பலும் கரியும் மிகுதியாகத் தங்காத எண்ணெயே வேண்டும். இரண்டாவது, பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் அளவுக்கோலை எடுத்துப் பார்க்க வேண்டும்; மாற்றும் நாள் வரட்டும் என்று காத்திருந்தால் எண்ணெய் வற்றி எந்திரம் பாழாகும். மூன்றாவது, தடிப்பைத் தம் ஊகத்தால் தேர்ந்தெடுத்தல் ஆகாது. மாஸ்தா ஆர்.எக்ஸ். 8 காருக்கு அமெரிக்காவில் 5 டபிள்யூ 20 என்றும், ஐரோப்பாவில் 5 டபிள்யூ 30 என்றும் கையேடுகள் கூறின. வண்டி எந்த நாட்டுக்கென விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் கையேடே முதற்சான்று.

எண்ணெயை எரிக்கும் எந்திரம் தில்லித் தமிழர்க்குப் புதிதன்று. பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரும் ஆட்டோவும் அவ்வாறே ஓடின. பெட்ரோலில் ‘2டி’ ஆயிலைக் கண்ணளவில் கலந்து ஊற்றுவோம். பின்னால் நீலப்புகை எழும். உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28-ஆம் நாளிட்ட ஆணையில், இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு, எண்ணெய் முன்கூட்டியே கலந்த பெட்ரோலையே அவ்வாண்டு இறுதிக்குள் எல்லாப் பெட்ரோல் நிலையங்களும் வழங்க வேண்டும் என்று பணித்தது. கூடுதலாக ஊற்றினால் எந்திரத்துக்கு நன்மை என்ற நம் எண்ணம், ஊராரின் மூச்சுக்குக் கேடாய் முடிந்த கதை அது.

இனி நம்மவர் மிகுதியாக ஓட்டும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளில் கிளட்சுத் தகடுகள் எண்ணெயிலேயே ஊறி நிற்கின்றன. அதற்கு டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி வேண்டும். கியரில்லா ஸ்கூட்டரில் கிளட்சு எண்ணெய்க்கு வெளியே இருப்பதால் ‘எம்.பி.’ குறியுள்ளது பொருந்தும். ஒருமுறை நாம் ஒரு பட்டறைக்காரரின் சொல்லை நம்பி, விலையுயர்ந்தது என்ற ஒரே காரணத்தால் கார் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவித்தோம். மூன்றாம் நாள் மேம்பாலம் ஏறுகையில் எந்திரம் முழங்கிற்று, வண்டி நகரவில்லை. வழுக்குந் தன்மை மிகுந்த அவ்வெண்ணெயில் கிளட்சு பிடிப்பிழந்துவிட்டது. விலை உயர்ந்ததெல்லாம் பொருத்தமானதாகாது என்பதை அன்று கற்றோம்.

ஆட்டோ ஓட்டும் அன்பர்க்கும் ஒரு சொல். சி.என்.ஜி. எரியும்போது கரி மிகக் குறைவு. ஆகவே எண்ணெய் நெடுநாள் கறுப்பதில்லை. அதனைக் கண்டு, “இன்னும் புதிதாகவே இருக்கிறது” என்று ஓட்டுவோர் பலர். வெப்பத்தால் அது உள்ளூரக் கெட்டுத் தடித்திருக்கும். நிறத்தை நம்பற்க, ஓடிய கிலோமீட்டரை எண்ணுக.

அந்த எண்ணிக்கைதான் நம் இளைஞரின் வினாவுக்கும் விடை. 2025 ஜூன் முதல் நாள் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களே நரேலா வீடுகளுக்குத் தகுதியுடையன எனக் கொள்ளப்பட்டன. வீடு மாறிற்று, வேலை மாறவில்லை. ஜங்க்புராவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பணிக்கு நரேலாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வர வேண்டும். அவ்வளவே திரும்ப வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். முன்பு நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர், மாதம் 25 நாளாயின் 250, ஆண்டுக்கு 3,000. கையேடும் 3,000-க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது என்று கொண்டால், ஆண்டுக்கொரு முறை சரியே. இன்றோ நாளொன்றுக்கு 80, மாதம் 2,000, ஆறு மாதத்தில் 12,000. நான்கு ஆண்டு உழைப்பை அந்த எண்ணெய் ஆறு மாதத்தில் உழைத்துவிட்டது. இரையாமல் என் செய்யும்? அன்பரே, இனி ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுக. வாரந்தோறும், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எந்திரம் அணைந்து சில நிமிடம் கழித்து அளவைப் பார்க்க. பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயே வேண்டும். அச்செலவுக்கு அஞ்சி எந்திரம் இறுகி நின்றால், பழுதுச் செலவோடு பல நாள் கூலியும் போம். பின்னிருக்கையில் வரும் தாயாரின் வீட்டுவேலையும் போம்.

எண்ணெயை முத்திரை உடையாத டப்பாவில் வாங்குக. தீர்ந்தபின் டப்பாவைத் துளையிட்டுவிடுக. இன்றேல் அதிலேயே போலிச் சரக்கு நிரம்பித் திரும்பவும் நம்மிடமே வரும். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டற்க. பட்டறையில் சேர்த்துவைப்போரிடம் கொடுக்க. பாராபுல்லா நாலாவின் கரையில் வாழ்ந்த நமக்கு, அதில் விழுவதெல்லாம் யமுனைக்கே போய்ச் சேரும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வாழ்க்கைத் தொலைவு நீண்டுவிட்டது. அந்நீட்சியை நாம் உடலால் உணர்கிறோம். வண்டி வாய் திறந்து சொல்லாது. ஆதலின் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, எண்ணெய் மாற்றிய நாளையும் மீட்டர் காட்டிய எண்ணையும் அதில் எழுதிவருக. தம்பிக்கும் இதையே எழுதுக: சார்ஜாவாயினும் நரேலாவாயினும் கணக்கு ஒன்றுதான்.