வெள்ளை நீரும் விழிக்காத காவலும்

பிரேசில் நாட்டிலே, 2003-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே நடந்த கொடுமை இது. வயிற்றுவலி என்றும், நெஞ்செரிச்சல் என்றும், விழுங்கினால் அடைக்கிறது என்றும் முறையிட்டவர்கள் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள அனுப்பப்பட்டனர். நோய்க்கு மருந்துண்ணச் சென்றவர்கள் அல்லர் அவர்கள். நோய் இன்னதென்று தெரிந்துகொள்ளச் சென்றவர்கள். அவர்கள் கையிலே வெள்ளை நீர் கொடுக்கப்பட்டது. மருத்துவர் சொன்னார், குடித்தார்கள். சில மணி நேரத்திலே வாந்தி, பேதி, கைகால் தளர்ச்சி, மூச்சுத் திணறல், இதயத் துடிப்பிலே தடுமாற்றம்! 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் நடுவேயுள்ள கோயாஸ் மாநிலத்திலேதான் சாவு மிகுதி.

நோயைத் தேடப் போன இடத்திலே சாவு வந்தது எப்படி? அந்தக் குவளையிலே இருந்தது என்ன? இருந்திருக்க வேண்டியது என்ன?

எக்ஸ்ரே கதிர் எலும்பைக் காட்டும்; இரைப்பையைத் தெளிவாகக் காட்டாது. கதிரைத் தடுக்கும் பொருள் ஒன்றை உள்ளே அனுப்பினால்தான் உணவுக்குழலின் வளைவும், இரைப்பையின் மடிப்பும், அங்கே புண் இருந்தால் அதன் குழியும் படத்திலே தெரியும். ராண்ட்ஜன் 1895-இல் இந்தக் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவர் வால்டர் கேனன், பிஸ்மத் உப்பை இரையிலே கலந்து வாத்துக்கும் பூனைக்கும் கொடுத்து, இரை இறங்கும் வழியைக் கதிரொளியிலே பார்த்தார். மனிதருக்கும் அதே பிஸ்மத் உப்பு வந்தது. ஆனால் அந்த உப்பின் ஒரு வகை குடலிலே மாற்றமடைந்து சிலருக்கு நஞ்சாயிற்று. எனவே மாற்று தேடினர். 1910-இல் ஜெர்மானியர் காட்டிய மாற்றுதான் பேரியம் சல்பேட்.

இதிலே ஒரு வியப்பு உண்டு. பேரியம் நல்ல பொருள் அன்று. நீரிலோ அமிலத்திலோ கரையும் பேரியம் உப்பு ஒவ்வொன்றும் நஞ்சு. பேரியம் கார்பனேட் எலிகளைக் கொல்லப் பயன்பட்ட பொருள்! ஆனால் பேரியம் சல்பேட் நீரிலும் கரையாது, இரைப்பை அமிலத்திலும் கரையாது. கரையாததால் இரத்தத்திலே சேராது. வாய்வழி சென்று, படத்துக்கு முகங்காட்டி, வந்த பொருளாகவே வெளியேறும். ஓரிரு நாள் மலம் வெளுத்திருக்கும், மலச்சிக்கல் வரலாம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள், அவ்வளவே. குடலிலே ஓட்டை விழுந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் அதைக் கொடுக்க மாட்டார்கள்; நீரிலே கரையும் அயோடின் கலவையைக் கொடுப்பார்கள். நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் மக்கள் குடித்துப் பிழைத்த நீர் அது. ஆகவே இதைப் படிப்பவர்கள் பேரியம் சோதனை என்றதும் அஞ்சி ஓட வேண்டாம். அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு.

பிரேசிலிலே விற்கப்பட்ட அந்த மருந்திலே சல்பேட்டோடு கார்பனேட்டும் கலந்திருந்தது! இரண்டும் வெள்ளைப் பொடி. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் கார்பனேட் இரைப்பை அமிலத்தைத் தொட்டதும் கரைகிறது, இரத்தத்திலே ஏறுகிறது. இரத்தத்திலே இருக்க வேண்டிய பொட்டாசியம் உயிரணுக்களுக்குள்ளே அடைபட்டுப் போகிறது. தசை தளர்கிறது, மூச்சை இழுக்கும் தசையும் தளர்கிறது, இதயம் தாளம் தப்புகிறது. பெயரிலே பாதிச் சொல் மாறிற்று, மனிதன் பிணமானான்!

இனி ஒரு செய்தி சொல்கிறோம், நெஞ்சு பதைக்கும். சல்பேட்டா கார்பனேட்டா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டுமா? கோடி ரூபாய்க் கருவி வேண்டுமா? வேண்டாம். பொடியிலே ஒரு துளி நீர்த்த அமிலம் விட்டால் போதும். கார்பனேட் நுரைத்துப் பொங்கும், சல்பேட் வாளாவிருக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவன் செய்கிற சோதனை! பேரியம் சல்பேட்டிலே அமிலத்தில் கரையும் பேரியம் இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்பது மருந்துத்தர நூல்களிலே எழுதிவைத்த விதி. விதி ஏட்டிலே இருந்தது. கலப்பு புட்டியிலே இருந்தது. இரண்டுக்கும் இடையிலே நிற்க வேண்டிய காவல்தான் இல்லை.

அறிவு இல்லாமல் நேர்ந்த சாவு என்றால் விதி என்று அழலாம். அறிவு இருந்தும், அமிலம் இருந்தும், நூல் இருந்தும் நேர்ந்த சாவுக்கு என்ன பெயர்? கவனிப்பாரற்ற கொலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

நடவடிக்கை எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். பிரேசிலின் மருந்துக் கண்காணிப்பு நிறுவனமான அன்விசா விற்பனையைத் தடுத்தது. ஓசுவால்டோ குரூஸ் நிறுவனத்தின் ஆய்வகம் கலப்பை உறுதி செய்தது. எல்லாம் நடந்தது, பிணங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது! அன்விசா அன்று பிறந்த குழந்தையுமன்று. 1999 முதல் இருந்து வந்த அமைப்பு. அமைப்பு இருப்பது வேறு, அது விழித்திருப்பது வேறு. வயலுக்கு வேலி போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டிலே உறங்கினால், மாடு வேலிக்கு மரியாதை கொடுக்குமா?

இங்கே சிலர் குறுக்கிடுவார்கள். "ஒரு முதலாளி செய்த தவறு, அதற்காக எல்லா ஆலைகளையும் அதிகாரிகள் குடையலாமா? கெட்ட சரக்கு விற்பவனைச் சந்தையே தண்டித்துவிடுமே" என்பார்கள்.

சந்தையைப்பற்றி நமக்குத் தெரியாதா? அரிசி வாங்கினால் நாலு மணியை வாயிலே போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். புடவை எடுத்தால் முந்தானையை விரித்து வெளிச்சத்திலே பிடித்துப் பார்க்கிறோம். எக்ஸ்ரே அறையிலே, வெறும் வயிற்றோடு, மேலங்கியைக் கழற்றிவிட்டு நிற்கிற நோயாளி எதைக் கடித்துப் பார்ப்பான்? எதை ஒடித்துப் பார்ப்பான்? நீட்டிய மருத்துவருக்கே உள்ளிருப்பது தெரியாது. அவரும் புட்டியின் மேலிருக்கும் சீட்டை நம்பியவர்தான். பார்த்து வாங்க முடியாத பொருளுக்குச் சந்தை நீதி சொல்லாது. சொன்னாலும் செத்தவனுக்குச் சொல்லும் நீதி எதற்கு? ஆகவே குடிமகனுக்குப் பதிலாகக் கடித்துப் பார்க்கும் பல்லாக, உற்றுப் பார்க்கும் கண்ணாக அரசு இருந்தாக வேண்டும். இது தொழிலுக்குத் தொல்லை அன்று. நேர்மையான ஆலைக்காரன் சோதனைக்கு அஞ்சான். அவன் பெயரைக் காப்பதே அந்தச் சோதனைதான்.

பிரேசில் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? 2025-ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலே காய்ச்சிய இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்திலே சிந்துவாடா வட்டாரக் குழந்தைகளைக் கொன்றதே! அதிலே டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. அங்கேயும் சோதனை உண்டு, விதி உண்டு, சட்டம் உண்டு. அங்கேயும் பிள்ளைகள் மாண்ட பிறகுதான் புட்டி ஆய்வகத்துக்குப் போயிற்று. நாடு வேறு, மருந்து வேறு, கதை ஒன்றே. பிரேசில் 2003-இல் எழுதிக் காட்டிய பாடத்தை நாம் 22 ஆண்டுகள் கழித்து நம் பிள்ளைகளின் உயிரைக் கொடுத்துப் படித்தோம்.

ஆகவே கேட்கிறோம். மூலப்பொருள் மூட்டை ஆலைக்குள் நுழையும்போதே சோதனை வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சான்று வேண்டும். அந்தச் சான்றை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஆய்வாளர் பணியிடம் காலியாகக் கிடக்கக் கூடாது. முன்னறிவிப்பின்றி ஆலைக்குள் நுழைய அவருக்கு உரிமையும் துணிவும் வேண்டும். உயிர் போன பிறகு ஓடிவரும் ஊர்தியை நாங்கள் கேட்கவில்லை. உயிர் போகாமல் தடுக்கும் ஒரு துளி அமிலத்தைக் கேட்கிறோம்.

பேரியம் நஞ்சு ஏறியவனுக்கு மருத்துவர்கள் பொட்டாசியம் ஏற்றுவார்கள். மெக்னீசியம் சல்பேட் என்னும் சாதாரணப் பேதி உப்பையும் புகட்டுவதுண்டு. குடலிலே எஞ்சியிருக்கும் கரையும் பேரியத்தை அந்த உப்பு கரையாத சல்பேட்டாக மாற்றிவிடும். அந்த உப்பின் விலை சில காசுகள். சோதிக்கும் அமிலத்தின் விலையும் சில காசுகள். மலிவான பொருளெல்லாம் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கிறது. விலையேறியிருப்பது பொறுப்பு ஒன்றுதான்! அதை ஆள்வோரும் ஆலைக்காரரும் தாமாகத் தரமாட்டார்கள். மக்கள் கேட்டு வாங்கியாக வேண்டும்.