உப்பளத்துச் செவப்பும் மாமாவோட பிளாட்டும்

கோடையில புத்தளம், சாமிதோப்பு உப்பளம் பக்கம் போயிருக்கீங்களா? சில பாத்திகள்ல தண்ணி ரோஸ்மில்க்கைக் கொட்டி வெச்ச மாதிரி செவந்து கெடக்கும். சின்ன வயசுல நாங்க அதை அழுக்குத் தண்ணின்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தோம். அது உயிரோட நிறம்னு தெரிஞ்சது ரொம்ப நாள் கழிச்சுத்தான்.

இப்போ அதைப் பத்தி எழுத ஒரு காரணம் இருக்கு. போன மாசம் ஒரு கல்யாண வீட்ல பந்திக்குக் காத்து நின்னப்போ, உப்பளம் வெச்சிருக்கிற தூரத்து மாமா ஒருத்தர் சொன்னாரு: "மாப்ளே, உப்புல இனி ஒண்ணும் இல்ல. பிளாட் போட்டுக் குடுத்துரலாம்னு பாக்கேன்." பக்கத்துல நின்ன இன்ஜினியர் பையன் உடனே, "விக்காதீங்க மாமா, பாசி வளத்து பெட்ரோல் எடுக்கலாம்"னான். மாமா என்னையப் பாத்தாரு. நம்ம பாசிக் கிறுக்கு சொந்தத்துல எல்லாருக்கும் தெரியுமே!

ரெண்டு பேர் சொன்னதும் தப்புங்கிறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்தச் செவப்பு. உப்பை விரும்புற நுண்ணுயிர்களும், துனாலியெல்லா சலினாங்கிற ஒருசெல் பாசியும் சேர்ந்து செய்யுற வேலை அது. 1838-ல பிரான்ஸ் நாட்டு உப்பளத்துல மிஷேல் துனால்ங்கிறவர் இந்தப் பாசியைக் கவனிச்சு எழுதினாரு. பேரும் அவர் நினைவாத்தான். கடல் தண்ணியில உப்பு சுமார் மூன்றரை சதவீதம். இது அதைப் போல பல மடங்கு உப்புலயும் வாழும். வெளிய உப்பு ஏற ஏற, தனக்குள்ள கிளிசரால் சேத்து வெச்சுச் சமாளிக்கும். வெயிலும் உப்பும் கூடி, சத்து கொறைஞ்சா பச்சை நிறம் போயி ஆரஞ்சாகும். அந்த ஆரஞ்சுதான் பீட்டா கரோட்டின். உலர்ந்த எடையில பத்துல ஒரு பங்கு வரைக்கும் சேரும். கேரட் எல்லாம் கிட்ட நிக்க முடியாது. உப்பளத்துக்கு வர்ற பூநாரையோட இளஞ்சிவப்பும் இந்த மாதிரிப் பாசியும், அதைத் தின்னுற சின்ன இறாலும் குடுத்த நிறம்தான்.

அப்போ பெட்ரோல்? அமெரிக்க அரசாங்கம் 1978-லேர்ந்து 1996 வரை பாசி எண்ணெய்க்கு ஒரு திட்டமே நடத்திட்டு மூடிருச்சு. எக்ஸான்மொபில் 2009-ல பெரிய விளம்பரத்தோட இறங்கி, 2023-ல ஒதுங்கிருச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். தொறந்த குளத்துல வளத்தா, ஒரு லிட்டர் தண்ணியில ஒரு கிராம் காஞ்ச பாசி தேறுறதே கஷ்டம். அதை வடிச்சு, காயவெச்சு, எண்ணெய் எடுக்கதுக்குள்ள செலவு எங்கயோ போயிரும். அவங்களுக்கே கட்டுப்படியாகாதது மாமாவோட நாலு பாத்தியில நடக்குமா?

சரி, பீட்டா கரோட்டின் எடுக்கலாமே? ஆஸ்திரேலியாவுல ஹட் லகூன், இஸ்ரேல்ல ஐலாத் மாதிரி மழை கொறஞ்ச எடங்கள்ல அது தொழிலா நடந்திருக்கு. நமக்கு சாரல் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. நானே மொட்டை மாடியில ரெண்டு டப்புல வளத்துப் பாத்தேன். உப்பளத்துத் தண்ணி, கொஞ்சம் யூரியா, கொஞ்சம் பாஸ்பேட். பத்து நாள்ல பச்சையாச்சு, தலைகால் புரியல எனக்கு. ஒரே ஒரு ராத்திரி மழை. உப்பு எறங்கிச்சு, பாசியைத் தின்னுற ஒருசெல் பிராணிங்க பெருகிச்சு, நாலு நாள்ல டப்பு வெறும் தண்ணி. அதிக உப்புங்கிறது இந்தப் பாசிக்குக் கோட்டைச் சுவர். மழை அந்தச் சுவரை இடிச்சிருது.

பின்ன மாமா என்னதான் செய்ய? இங்கதான் வியட்நாமைப் பாக்கச் சொல்றேன். மீகாங் டெல்டாவுல வின் சாவ்னு ஒரு எடம். அங்கயும் மழைக்காலம் உண்டு, அங்கயும் சின்னச் சின்ன உப்பு விவசாயிங்கதான். 1980-கள்லேர்ந்து கான் தோ பல்கலைக்கழகத்துக்காரங்க துணையோட, கோடையில உப்புக் குளத்துல ஆர்ட்டீமியாங்கிற உப்பு இறாலை வளக்காங்க. அதுக்குத் தீனி நம்ம பாசிதான். அதோட முட்டையைக் காயவெச்சு டப்பாவுல அடைச்சா, இறால் குஞ்சு பொரிப்பகங்கள் வாங்கிக்கிடும். மழை வந்தா அதே குளத்துல மீன், இறால். நம்ம பொரிப்பகங்கள் அமெரிக்காவோட கிரேட் சால்ட் ஏரியிலேர்ந்து வர்ற டப்பாவையும் காசு குடுத்து வாங்குறாங்க!

இது உப்புக்கும் நல்லது. ஆர்ட்டீமியா அளவுக்கு மிஞ்சின பாசியைத் தின்னு தண்ணியைத் தெளிவாக்கும். பாத்தியோட செவப்பு நிறம் வெயிலைக் கூடுதலா உறிஞ்சி தண்ணியைச் சீக்கிரம் வத்த வைக்கும். உப்பை நிறுத்த வேண்டாம், உப்போட சேர்த்துச் செய்யலாம்.

நம்ம ஆளுங்களுக்கு இது தெரியாத வித்தையும் இல்ல. தூத்துக்குடியில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக்காரங்க 1980-கள்லயே பாசி வளத்து முத்துச்சிப்பிக் குஞ்சுகளுக்கு ஊட்டினவங்க. சென்னையில சி.வி. சேஷாத்ரி, முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்துலேர்ந்து சுருள்பாசியை கிராமத்துக்குக் கொண்டு போனாரு. புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூர்ல அது பெரிய தொழிலாவே ஆச்சு. அறிவு பக்கத்துலயே இருக்கு. உப்பளத்துப் பாத்தி வரைக்கும் அது நடந்து வரலங்கிறதுதான் என் ஆதங்கம்.

ஆகவே நான் கேக்கது பெருசா ஒண்ணும் இல்ல. மீன்வளக் கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ, புத்தளத்துல ரெண்டே ரெண்டு பாத்தியை எடுத்து மூணு கோடை செஞ்சு காட்டட்டும். வரவு செலவைத் தமிழ்ல எழுதி அளத்து வாசல்ல ஒட்டட்டும். லாபம் வந்தா, வெயில்ல உப்பு வாருற பொம்பளையாளுக்கும் அதுல பங்கு வேணும். மணக்குடி, சுசீந்திரம், தேரூர்னு பறவைங்க வர்ற எடம் இது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரமே கெடச்சிருக்கு. அதனால பறவையை வெரட்டிட்டு எதுவும் செய்யக்கூடாது.

மாமாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "மூணு கோடையா? புரோக்கர் அடுத்த வாரம் வாரேன்னிருக்கான்டே"ன்னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஒரு வருஷம் மட்டும் பொறுங்கன்னு கேட்டுருக்கேன். உங்கள்ல யாராச்சும் ஆர்ட்டீமியா வளத்தவங்க, வளத்தவங்களைத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க. நேரே மாமாகிட்ட கூட்டிட்டுப் போறேன். சாப்பாடு என் செலவு.