பின்காவலர்க்கு எது தகும்?

ஹாக்கி ஆட்டத்திற் பந்தைக் கடத்திச் சென்று கோல் போடுவோரை யாவரும் அறிவர். கோலின் முன் நின்று தடுக்கும் பின்காவலரையோ, அவர் தவறிய பொழுதன்றி ஒருவரும் நினைப்பதில்லை. அத்தகையோர் ஒருவர் நம் கல்லூரியில் வாசிக்கின்றார். திருச்சுழிக்கு அணித்தான சிற்றூரிற் பிறந்து, கோவில்பட்டி விளையாட்டு விடுதியிற் பயின்றவர். அவர்க்கு வெளிமாநிலத்தில் ஓர் அரசுத்துறை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தர முன்வந்துள்ளது. அதனை ஏற்பதா, மறுத்து ஹாக்கி இந்தியா லீக் ஏலத்திற்குக் காத்திருப்பதா என்பதே வினா. எழுத்தர் வேலையில் அமர்ந்தால் ஆட்டம் துருப்பிடிக்கும் என்று நண்பர் பலர் ஏலத்தின் பக்கமே பேசுகின்றனர். யான் அவரோடு உடன்படுகிலேன்.

ஏலத்தின் கணக்கை முதலிற் காண்போம். 2017க்குப் பின் நின்றுபோன அந்த லீக் மீண்டும் எழுந்தபொழுது, 2024 அக்டோபரில் புதுதில்லியில் ஏலம் நடைபெற்றது. ஆடவர்க்கு 8 அணிகள். அணியொன்றுக்கு 24 பேர். அவருள் அயல்நாட்டார் 8 பேர். அடிப்படை விலை 2, 5, 10 இலட்சம் ரூபாய் என மூன்று படிகளாக வகுக்கப்பட்டது. அனைத்தினும் உயர்ந்த விலையாகிய 78 இலட்சம் பெற்ற ஹர்மன்பிரீத் சிங் ஒரு பின்காவலரே. இதனைக் காட்டியே நம் நண்பர்க்கு ஆசை மூட்டுகின்றனர். ஆனால் அவ்விலை வெறுந் தடுப்பாட்டத்திற்கு வந்ததோ? பெனால்டி கார்னரிற் பந்தை இழுத்தெறிந்து கோலாக்கும் கைக்கு வந்ததன்றோ! 68 இலட்சம் பெற்ற கொன்சாலோ பெய்யாட்டும், தமிழ்நாடு டிராகன்ஸ் அணியார் 54 இலட்சத்திற்கு எடுத்த யிப் யான்சனும் அவ்வினத்தாரே. நம் நண்பர் தடுப்பதில் வல்லவர். இழுத்தெறியுங் கலை அவர்க்கு இன்னும் கைவரவில்லை. ஆகவே, அவர் நிற்கப்போவது அடிப்படை விலையின் வரிசையிலே. அதுவும் எவரேனும் கேட்டால்தான்.

கேட்டார் என்றே கொள்வோம். அந்த லீக் 2024 டிசம்பர் 28இல் தொடங்கி 2025 பிப்ரவரி 1இல் முடிந்தது. ஐந்து வாரமே! எஞ்சிய 47 வாரமும் அவர் எங்கே ஆடுவார், யார் சோறிடுவார்?

மேலும், பின்காவலர் மெல்ல முதிர்பவர். முன்னணி வீரனுக்கு வேகம் இருந்தாற் பதினெட்டு வயதிலும் பெயர் கிட்டும். பின்காவலனோ, எதிரி என்ன நினைக்கின்றான் என்பதை அவன் காலடியில் வாசித்தறிய வேண்டும். அது பல நூறு ஆட்டங்களால் வருவது. டிராகன்ஸ் அணி 48 இலட்சத்திற்கு எடுத்த அமித் ரோகிதாஸ் 2013இல் நாட்டணியிற் புகுந்தார். பின்பு சில ஆண்டு இடமிழந்திருந்து, 2017இலேதான் மீண்டு வந்து நிலைபெற்றார். டோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம் வென்ற அணிகளில் அவர் நின்றார். இருபது வயதில் எடுத்த முடிவைக் கொண்டு அவரை அளந்திருந்தால் என்னாம்?

வட அமெரிக்கரின் பனித்தரை ஹாக்கியில் இவ்வுண்மையை ஒப்பந்தத்திலேயே ஏற்றுக்கொண்டுள்ளனர். அங்குத் தேசிய ஹாக்கி லீகின் ஒரு சங்கம் 50 பேர் வரை ஒப்பந்தஞ் செய்யலாம். முதலணியில் இருப்போர் 23 பேரே. ஏனையோரிற் பெரும்பாலார் அமெரிக்கன் ஹாக்கி லீக் என்னுங் கீழ்ப்படியில் நாள்தோறும் ஆடிப் பழகுகின்றனர். பதினெட்டு முதல் இருபத்தொரு வயதிற்குள் கையொப்பமிடுவோர்க்கு முதல் ஒப்பந்தம் மூன்றாண்டு. மேலே ஆடினால் ஓர் ஊதியம், கீழே ஆடினால் குறைந்த ஊதியம் என இருவழியாகவும் எழுதுவர். நம் நாட்டில் அக்கீழ்ப்படியின் வேலையைச் செய்வன இரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், படைத்துறை முதலியவற்றின் அணிகளே. அவர்கள் சென்னை எழும்பூரில் முருகப்பா தங்கக்கோப்பைக்கு வருவதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். துறையில் இருப்போர் லீகில் ஆடலாகாது என்பதுமில்லை. இசைவு பெற்று ஆடுவோர் பலர்.

அருப்புக்கோட்டைக் கரிசலில் மானாவாரி உழவர் பருத்தியைத் தனியே நம்பார். ஊடே உளுந்தும் விதைப்பர். இதை நண்பரின் தந்தையார் நம்மினும் நன்கறிவார்.

எனினும், எந்தத் துறையானாலும் சரியென்று யான் சொல்லேன். காலையில் ஓடுவதை நிறுத்திப் பதவி உயர்வையே எண்ணிக் காலங்கழித்தோர் உளர். நண்பர்கள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. ஆதலின் கையொப்பமிடுமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். முதலாவது, பயிற்சி எத்தரையில்? 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக் முதல் பெரும் போட்டிகள் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டன. சரளையிலும் கரிசலிலும் பழகிய எம் பக்கத்துப் பிள்ளைகள், நீர் தெளித்த தரையிற் பந்து வழுக்கும் வேகத்தைக் கண்டு முதலில் திகைப்பர். கோவில்பட்டியிற் பெற்ற அப்பழக்கம் ஓராண்டு விட்டாற் போய்விடும். அடுத்து, ஆண்டுக்கு எத்தனை ஆட்டம், அவற்றில் நண்பர் பின்காவலராகவே நிற்பாரா, அன்றி ஆளில்லாத இடத்தை நிரப்புவாரா? இதற்குத் தெளிவான விடை தரும் சிறு துறை, மழுப்பும் பெருந்துறையினும் மேல். லீகிற் செல்ல விடுப்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குதல் நலம்.

இன்னும் ஒன்று. பெனால்டி கார்னரில் எறிபந்தை எதிர்த்து முதலில் ஓடுபவன் பின்காவலனே; முகமூடியும் முழங்காற் காப்பும் அணிந்தே ஓடுகின்றான். அவன் முழங்கால் உடைந்தால் மருத்துவச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்கு ஊதியம் உண்டா? லீகானாலும் துறையானாலும், இதற்கு விடையில்லாத தாளில் நண்பர் கையொப்பமிடலாகாது.